அறிந்தவர் கடன்

வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் மருத்துவர் பார்க்கிறார். அதற்கு அனுமதியை அந்த வலியே தந்துவிடுகிறது. வலியே இல்லாமல் ஓடி விளையாடும் பிள்ளையைத் தேடிப் போய் உனக்கு நோய் இருக்கிறது என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? வட ஆஸ்திரேலியாவில், அர்ன்ஹெம் லாண்டின் மானிங்கிரிடா என்ற பூர்வகுடி ஊரில் 2018இல் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் எக்கோ பரிசோதனை (ஒலி அலையால் இதயத்தைப் படமெடுப்பது) செய்தபோது, ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரிடம் ருமாட்டிக் இதய நோய் இருந்தது. தொண்டையிலோ தோலிலோ தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடல், தன் இதய வால்வையே தாக்கிக்கொள்வதால் வருவது இது. அந்நாட்டின் மற்ற மக்களிடம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நெரிசலான வீடுகளில் வாழும் பூர்வகுடியினரை மட்டும் விடவில்லை.

சிகிச்சை இல்லாத நோயைத் தேடாதே என்பது 1968இல் வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக வகுத்த நெறிகளின் சாரங்களில் ஒன்று. இந்த நோய்க்குத் தடுப்பு உண்டு: நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல ஆண்டுகளுக்கு, வலிமிகுந்த பென்சிலின் ஊசி. உகாண்டாவில் 800க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த, 2021இல் வெளியான ஆய்வில், ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டில் நோய் முற்றியது, போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்குத்தான். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், ஊசி இல்லாமலேயே அந்த இரண்டு ஆண்டில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் முற்றவில்லை. யாருக்கு முற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால் எல்லோரும் குத்து வாங்க வேண்டியிருக்கிறது. பலனை மட்டும் சொல்லி இந்தப் பாதியை மறைக்கும் மருத்துவர், பெற்றோரிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நோயின் வேர் வீட்டு நெரிசலில் இருக்கிறது. பரிசோதனைக்குச் செலவிடும் பணத்தில் வீடு கட்டலாமே, எக்கோ கருவியோடு ஏன் போக வேண்டும்? வேரைப் பற்றிச் சொல்வது சரி. முடிவுதான் தவறு. இன்று கட்டத் தொடங்கும் வீடு நாளைய தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே தழும்பேறிய வால்வைச் சீராக்காது. தவிர, வீடுகள் போதாது என்பது அரசுக்குத் தெரியாத செய்தியா என்ன? சதவீதமாகத் தெரிவது எல்லோருக்கும் பொதுவான அறிவு. அதனாலேயே அதற்குப் பொறுப்பேற்க ஆள் இருப்பதில்லை. பரிசோதனை அந்த எண்ணை ஒரு பெயராக, ஒரு வயதாக, ஒரு தெருவாக மாற்றுகிறது. அதன் அறம் இங்கேதான் தொடங்குகிறது. பார்த்த கண்ணுக்கு அதன்பின் பார்க்காதது போல இருக்க உரிமையில்லை. பார்க்கும் உரிமையே அந்தக் கடனை ஏற்பதிலிருந்துதான் வருகிறது என்பது என் வாதம்.

அப்படியானால் ஆய்வுத் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது எக்கோ படத்தின் துல்லியத்தை அல்ல. ஆய்வு நிதி பெரும்பாலும் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஊசி பதின்பருவம் தாண்டியும் தேவைப்படலாம். நிதி முடிந்த மறு மாதம் அந்த ஊசியைப் போடப்போவது எந்தச் செவிலியர், அவருக்குச் சம்பளம் தரப்போவது யார் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.