காவலுக்குக் கூலி



சோம்பேறியை எறும்பிடம் அனுப்பிவைக்கிறது நீதிமொழிகள் ஆகமத்தின் 6ஆம் அதிகாரம். பிரசங்கிகளாகிய நாமும் எறும்பின் சுறுசுறுப்பைப் பற்றியே பேசிப்பேசி உங்களைச் சலிப்படையச் செய்துவிட்டோம். இன்று அதே எறும்பிடம் வேறொரு காரியமாக உங்களை அழைத்துச் செல்கிறேன்.

உங்கள் வேலியில் நிற்கும் பூவரசின் இலையொன்றைப் பறித்து அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். காம்புக்கு அருகே, நடுநரம்பில், சிறியதொரு சுரப்பி தெரியும். அதில் இனிப்பு நீர் ஊறும். ஆமணக்கின் இலைக்காம்பிலும் இத்தகைய சுரப்பிகள் உண்டு. பூவிலே தேன் இருப்பது ஏனென்று நமக்குத் தெரியும், தேனீயை அழைப்பதற்கு. இலையிலே தேன் எதற்கு? பல செடிகளில் அது எறும்புக்கு வைத்த கூலி. தேனுக்காக ஏறிவரும் எறும்பு, இலையைத் தின்னும் புழுவையும் பூச்சியையும் கண்டால் கடித்துத் துரத்துகிறது.

நிக்கராகுவா நாட்டிலே சுரங்க வேலையை மேற்பார்வை செய்த தோமஸ் பெல்ற் என்ற ஆங்கிலேயர் 1874இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதினார். அங்குள்ள ஒருவகை வேலமரத்தின் முட்கள் மாட்டுக் கொம்புபோலப் பருத்தவை. எறும்பு அவற்றைக் குடைந்து உள்ளே குடியிருக்கிறது. இலைக்காம்பில் தேன்; சிற்றிலைகளின் நுனியில் எறும்புக் குஞ்சுகளுக்கென்றே சிறு உணவு மணிகள். வீடும் சோறும் தந்து மரம் காவற்படை வைத்திருக்கிறது என்றார் அவர். எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. டானியல் ஜான்ஸென் என்ற அமெரிக்க அறிஞர் மெக்சிக்கோவிலே சில மரங்களில் எறும்புகளை அகற்றிப் பார்த்து, 1966இல் முடிவை வெளியிட்டார். எறும்பை இழந்த மரங்களின் தளிரையும் இலையையும் பூச்சிகள் தின்றன. கொடிகள் ஏறி மூடின. எறும்புள்ளவை தழைத்தன.

எறும்பைப் புனிதராக்க நான் வரவில்லை. மரத்துக்கும் அன்பு தெரியாது. கொடுக்கல் வாங்கல்தான். அந்த மரங்களிலே தேனைக் குடித்துவிட்டுக் காவல் செய்யாத எறும்பினமும் ஒன்று உண்டு. அவ்வகையினரை நாம் மனிதரிலும் கண்டிருக்கிறோம், அது போகட்டும்.

என் மனதை உறுத்துவது ஆபிரிக்காவில் நடந்த சங்கதி. கென்யாவின் புல்வெளிகளிலும் எறும்பு காக்கும் முள்மரம் ஒன்று உண்டு. அங்கே எதிரி பூச்சி மட்டுமல்ல, யானையும் ஒட்டகச்சிவிங்கியும்கூட. தும்பிக்கைக்குள் எறும்பு கடித்தால் யானையும் பின்வாங்கும். 1995இல் சில நிலப்பகுதிகளுக்கு மின்வேலி போட்டு, பெரிய மிருகங்கள் உள்ளே வராதபடி செய்தார்கள். மரங்களுக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எதிரி வராததால் மரங்கள் தேனையும் குறைத்து, எறும்பு குடியிருக்கும் பருத்த முட்களையும் குறைத்திருந்தன. சிக்கனம் என்றே தோன்றும். நன்றாகக் காவல் செய்த எறும்பினம் இதனால் நலிந்தது. அதன் இடத்தை, காவலில் அக்கறையற்ற வேறோர் எறும்பினம் பிடித்தது. அந்த இனம் முள்ளில் வாழ்வதில்லை. வண்டின் புழு மரத்தைத் துளைத்த பொந்துகளிலே வாழ்கிறது. ஆகவே வண்டு துளைப்பது அதற்கு இலாபம். அத்தகைய மரங்கள் மெதுவாகவே வளர்ந்தன, கூடுதலாகச் செத்தன. 2008இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அன்பர்களே, யானை வந்த காலம் நமக்கும் இருந்தது. செல் விழுந்த நாட்களில் பதுங்குகுழிக்குள் செபமாலை சொல்லாத குடும்பம் எது? ஒரு பானைக் கஞ்சியை நான்கு குடும்பங்கள் பங்கிட்டன. செபத்தைத் தொடங்கி வைத்த ஆச்சியும், ஓடிப்போனவர்களின் வளவைப் பார்த்துக்கொண்ட அயலவரும், சுவாமியார் வரமுடியாத ஊரிலே கோயிலைத் திறந்து மணியடித்த உபதேசியாரும் நமக்குக் காவலாய் நின்றார்கள். அவர்களை நாம் தலைமேல் வைத்திருந்தோம். 2009இல் யுத்தம் முடிந்தது. செல் வராது. மதில் எழும்பிவிட்டது. மாலைச் செபத்தின் நேரத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது, பிறகு கைத்தொலைபேசி. ஆச்சி பின்னறையில் தனியே செபமாலை உருட்டுகிறார். அயலவரோடு எல்லை வழக்கு.

இன்று பிள்ளைகளைத் துளைப்பது போதைப்பொருள். தாய்மாரைத் துளைப்பது வாரக் கடன். இவை சத்தமிட்டு வருவதில்லை. பையனின் கண் சிவந்திருப்பதை முதலில் காணக்கூடியவர் அந்த ஆச்சிதான். அவரிடம் பேச வீட்டில் யாருமில்லை. கடன்காரன் வாசலில் நிற்பதைக் காணக்கூடியவர் அந்த அயலவர்தான். அவருடைய முற்றத்துக்கு நாம் போவதில்லை.

உபதேசியாருடைய காரியத்தையும் கேட்டுவைக்கிறேன். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தவறாமல் மணியடிக்கிறாரே, உங்கள் வீட்டில் அவர் கடைசியாக இருந்து சாப்பிட்டது எந்த வருடம்?