கரிக்காத கிணறு

மாதனூர்ப் பக்கம் பாலாற்று மணலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சீடனின் மடியில் ஆய்வேட்டின் முதல் வரைவு இருந்தது.

சீடன்: ஐயா, ஆய்வு முறை அத்தியாயத்தை முடித்துவிட்டேன். நம் ஊரைச் சுற்றி 20 கிணறுகள். எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்துக் குரோமியம் பார்க்கப் போகிறேன்.

குரு: உன் கேள்வி என்ன?

சீடன்: தோல் தொழிற்சாலைக் கழிவு நம் நிலத்தைக் கெடுத்தது என்று நிறுவுவது.

குரு: அது பதில் அல்லவா தம்பி? சரி, இந்த 20 கிணறுகளை எப்படிப் பொறுக்கினாய்?

சீடன்: தண்ணீர் கரிக்கிற கிணறு எதெது என்று ஊரில் விசாரித்தேன்.

குரு: கரிக்காத கிணறு?

சீடன் பதில் பேசவில்லை.

குரு: தொழிற்சாலைக்கு மேட்டுப்பக்கம் இருக்கும் கிணறும் கரித்தால் என்ன சொல்வாய்? பாறையில் இருந்தும் உப்பு வரும், உரத்தில் இருந்தும் வரும். உன் முடிவு தோற்றுப்போகக்கூடிய இடத்துக்கும் நீ போயாக வேண்டும். சித்திரையில் ஒரு முறை, மழை நின்ற பிறகு மார்கழியில் ஒரு முறை எடு. இன்னொன்று, குரோமியத்தை மட்டும் ஏன் பார்க்கிறாய்?

சீடன்: அதுதானே விஷம்?

குரு: பதனிடும் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்புதான் தண்ணீரோடு நெடுந்தூரம் போகும். கிணற்றில் குரோமியம் இல்லை என்று நீ எழுதினால், கழிவே வரவில்லை என்று ஒருவர் அதைப் படித்துக் காட்டுவார். மண்ணையும் எடு, சோடியத்தையும் குளோரைடையும் அள.

சீடன்: புள்ளிவிவரம் நிறைய இருக்கிறது ஐயா. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, வேளாண் பல்கலைக்கழக ஆய்வின்படி 35,000 ஹெக்டேர் அளவுக்கு நிலம் கெட்டது என்று இருக்கிறது.

குரு: அதன் பிறகு அமைந்த இழப்பீட்டு ஆணையம் எவ்வளவு சொன்னது?

சீடன்: 15,000 ஹெக்டேர் சொச்சம். 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய். இரண்டில் எது சரி?

குரு: அவசரப்படாதே. முதலாவது, முழுக்கவோ ஓரளவோ பயிருக்கு ஆகாமல் போன நிலம். இரண்டாவது, பணம் கொடுப்பதற்காக எண்ணிய நிலம். எதற்காக எண்ணினார்கள் என்று கேட்காமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதே. அந்தக் கோடியைத் தலைக்கு வகுத்துப் பார்த்தாயா?

சீடன்: ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. 1991 முதல் 1998 வரைக்குமான இழப்புக்கு.

குரு: அதுவும் சராசரி. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவள் அந்தப் பட்டியலில் இருக்கிறாளா? தோல் தொழிற்சாலையிலேயே கூலிக்கு நிற்பவன் உன் வினாநிரலில் இருக்கிறானா? அவனுடைய சோறும் அதே தொழிலில்தான் இருக்கிறது. அவனிடம் கேட்காத ஆய்வேடு பாதி ஆய்வேடு.

சீடன்: என் அப்பாவின் தென்னைகள் பட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். கோபமில்லாமல் எப்படி ஐயா எழுதுவது?

குரு: கோபம் இருக்கட்டும். இந்தக் கேள்விக்கு உன்னைக் கொண்டுவந்ததே அதுதான். கிணற்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதே. அப்பா கிணற்றையும் மற்றக் கிணறுகளோடு ஓர் எண்ணாக எழுது.

சீடன்: இழப்பீட்டுக்காக 2025 ஜனவரி 30-இலும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. என் ஆய்வேடு வந்து என்ன ஆகிவிடும்?

குரு: அடுத்த முறை எண்ண வருகிறவர்கள் கையில் சரியான கணக்கு ஒன்று இருக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்துத் தண்ணீரைக் குடித்தவர்கள் இந்த ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தக் கிணறு எந்த வருஷம் கரிக்கத் தொடங்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆய்வகம் காத்திருக்கும், அவர்களுக்கு வயதாகிவிட்டது. நாளைக் காலையிலேயே போய்க் கேள்.