வளைதலும் முறிதலும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழி, தமிழ் பேசும் இல்லங்களிற் பிள்ளை வளர்ப்புக்கென வகுத்த சட்டம் போலவே வழங்கி வருகின்றது. இளமையே பயிற்சிக்குரிய பருவம் என்பது அதன் கருத்து. அக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது ஒரு வினாவைக் கேளாமலே விட்டுவிடுகின்றது. வளைக்கும் கை எவ்விடத்தில் நிற்றல் வேண்டும்? வளைதல் எங்கே முடிந்து, முறிதல் எங்கே தொடங்குகின்றது?

இவ்வினா உவமையளவில் நில்லாது உடலளவிலேயே எழுகின்ற துறை ஒன்று உண்டு. அது ஜிம்னாஸ்டிக் எனப்படும் சீருடற்பயிற்சியாகும். மகளிர் போட்டியிற் பயன்படும் சமநிலைக் கட்டை 5 மீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. 125 சென்ரிமீற்றர் உயரத்தில் அமைவது. உள்ளங்கை அகலமேயான அப்பரப்பின் மீது சிறுமி ஒருத்தி பின்புறமாகக் கரணமடித்துக் காலூன்றப் பயில்கின்றாள். நேற்றுவரை தடையின்றிச் செய்த கரணத்தை இன்று செய்ய இயலாது அவள் உறைந்து நிற்பதும் உண்டு. உடலிற் காயமில்லை, வலிமையும் குன்றவில்லை, மனம் மட்டும் இணங்க மறுக்கின்றது. அருகே நிற்கும் பெற்றோர் அவளை ஊக்குவதா, விலக்கிக்கொள்வதா? நாளைய நன்மையின் பெயரால் ஒரு குழந்தையின் இன்றைய துன்பத்துக்கு இசைவு வழங்கும் உரிமை பெரியோருக்கு உண்டா?

1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனிய நாட்டு நாடியா கொமனேச்சி தமது 14ஆம் வயதில் முழுமையான 10 புள்ளிகளைப் பெற்றபோது உலகம் வியந்தது. பின்னர் சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்த வயதெல்லை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவ்வச்சம் புதியதன்று. இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அரிஸ்டோட்டில், ஒலிம்பிக் வெற்றியாளருள் சிறுவராயிருந்தபோதும் வளர்ந்த பின்னரும் வென்றோர் இருவர் மூவரே எனச் சுட்டி, இளமையிற் கடும்பயிற்சி அவர்தம் வலிமையைப் பறித்துவிட்டதே அதற்குக் காரணம் என்றார். விதிகள் உடலுக்கு ஓரளவு காப்பளிக்கக்கூடும். மனத்தைக் காக்கும் பொறுப்போ பயிற்சிக்கூடத்துக்கும் இல்லத்துக்கும் உரியதாகவே எஞ்சி நிற்கின்றது.

இரு நிகழ்ச்சிகள் ஒருங்குவைத்து நோக்கத்தக்கவை. 1996ஆம் ஆண்டு அத்லாந்தாவில், 18 வயதினரான அமெரிக்க வீராங்கனை கெரி ஸ்ட்ரக் முதற் பாய்ச்சலிற் கணுக்கால் காயமுற்ற பின்னரும் இரண்டாம் பாய்ச்சலை நிகழ்த்தினார். அரங்கு ஆரவாரித்தது. அப்பாய்ச்சல் இல்லாமலே அவரது அணி தங்கம் வென்றிருக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில், சிமோன் பைல்ஸ் அந்தரத்திற் சுழலும்போது தம் உடல் இருக்கும் நிலையை உணரும் ஆற்றலை இழந்தவராய், அணிக்கான இறுதிப் போட்டியில் ஒரு பாய்ச்சலுடன் விலகிக்கொண்டார். பலர் அவரைக் கடிந்தனர். ஒரு வாரத்தின் பின் அவர் சமநிலைக் கட்டையில் வெண்கலம் பெற்றார். 2024இல் பாரிசில் மூன்று தங்கங்களை வென்றார். விலகியபோது அவருக்கு வயது 24; புகழின் உச்சியில் இருந்தார். எனவே "இயலாது" என்று உரைக்கும் துணிவு அவருக்கு வாய்த்தது. பத்து வயதுச் சிறுமிக்கு அத்துணிவு எங்கிருந்து வரும்?

அச்சம் யாவும் கோழைமை என்னும் எண்ணமே இங்கு முதற் பிழையாகும். இவ்வுண்மையை அறிய அம்பாறைக் கரையோரத்து மக்களுக்கு அயல்நாட்டுச் சான்று தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்கள் பலியானது இம்மாவட்டத்திலாகும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிற் கடலோரக் குடியிருப்புக்கள் அழிந்தன. அலையைக் கண்டு மீண்ட பிள்ளையொன்று கடற்கரைப் பக்கம் திரும்ப மறுக்குமாயின், அதனைக் கோழை என இகழ எவர் துணிவார்? அதனைத் தூக்கிச்சென்று நீரில் இறக்குவதும் கொடுமையே. கடலை இனிப் பாராதே என்று வீட்டினுள் அடைப்பதும் கேடே. கையைப் பற்றி மணல்வரை அழைத்துச் செல்லல், பின்னர் கணுக்காலளவு நீர், வேண்டாம் என்றால் அக்கணமே திரும்பிவருதல் என்னும் முறையே அன்பின் வழியாகும். கட்டையிற் கரணமடிக்க அஞ்சும் சிறுமிக்கும் தேர்ந்த பயிற்சியாளர் செய்வது இதுவே. நிலத்தில் வரைந்த கோட்டுக்கு அவளை மீட்டு, அதன்பின் தாழ்ந்த கட்டைக்கும், இறுதியில் உயர்ந்த கட்டைக்கும் கொண்டுசெல்கின்றார்.

ஆயின் குழந்தையின் அச்சம் ஒன்றன்று, இரண்டு. விழுந்துவிடுவேனோ என்பது ஒன்று. விழுந்தால் உம்மாவின் முகம் எவ்வாறு மாறும், வாப்பா வழியெல்லாம் பேசாது வருவாரோ என்பது மற்றொன்று. முன்னையது உடலைக் காக்க இயற்கை அளித்த எச்சரிக்கை. பயிற்சியால் அதனைப் பக்குவப்படுத்தலாம். பின்னையதோ பெரியோர் ஆக்கியது. அதனை எப்பயிற்சியும் நீக்காது. ஆக்கியவரே நீக்கல் வேண்டும். ஊக்கம் என்ற பெயரிற் கூறப்படும் சொற்கள் பலவும் முதல் அச்சத்தைத் தணிப்பதாக எண்ணி இரண்டாம் அச்சத்தை வளர்ப்பனவாகவே முடிகின்றன. "உனக்காக எவ்வளவு செய்தோம்" என்னும் வாசகம் அத்தகையது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். குழந்தை தன் எதிர்கால நலனை அறியாது; அதன் கண்ணீருக்கெல்லாம் இணங்கின் எக்கலையும் வளராது என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாக்கர் தட்டைப் பாதம் உடையவராயிருந்தார். அக்குறையை வெல்ல நெடுங்காலப் பயிற்சி வேண்டியிருந்தது. 2016இல் இறியோ ஒலிம்பிக்கில் 0.150 புள்ளி வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். இலங்கையின் மில்கா கெஹானி 2021இல் ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் இந்நாட்டின் முதற் போட்டியாளரானார். களைப்புற்ற நாளெல்லாம் விட்டுவிட்டவர் எவரும் இவ்வுயரங்களை எட்டார். ஆதலால் கடுமை வேண்டாம் என்பது இங்கு முடிவன்று. கடுமை பயிற்சிக்கு உரியதாகலாம்; உறவுக்கு உரியதாகலாகாது. "வேண்டாம்" என்று சொன்ன பின்னரும் தன் வீட்டில் தான் அதே பிள்ளையாக இருப்பேன் என்னும் உறுதி உள்ள குழந்தையே, "இன்னொருமுறை முயல்கிறேன்" என்று உண்மையாகச் சொல்ல வல்லது. மறுக்க இயலாதவரின் சம்மதம் சம்மதமாகாது.

சீருடற்பயிற்சி கல்முனைப் பிரதேசத்தில் அரிய துறையே. சீனடியும் சிலம்படியும் பொல்லடியும் பயின்ற கரை இது. எனினும் இவ்வினா இவ்வூர்களுக்கு அந்நியமானதன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளை அடுத்த வீட்டார் கேட்கும் "எத்தனை புள்ளி?" என்னும் வினாவுக்கு அஞ்சிக் கதவின் பின் ஒதுங்குகின்றது. கட்டை வேறு, அதன்மேல் நிற்கும் குழந்தை ஒன்றே.

இவ்வூர்களின் நாள்வழக்கில் வாழும் 'அமானிதம்' என்னும் சொல் இதற்கு விடை தரவல்லது. பிள்ளை ஓர் அமானிதம் என்று மூத்தோர் கூறுவர். அமானிதம் என்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், வைத்திருப்பவரின் உடைமையன்று. அதனைக் காக்கலாம், பேணலாம். தம் பெருமைக்குப் பணயம் வைத்தலாகாது. உரிய காலத்தில் பழுதின்றி ஒப்படைத்தலும் வேண்டும். வளர்ந்து பெரியவளாகி நிற்கும் நாளில், அப்பிள்ளையே தன் வாழ்வைப் பெற்றோரின் கையிலிருந்து பெற்றுக்கொள்கின்றாள். அன்று அவள் கழுத்திற் பதக்கம் இருக்கலாம், இல்லாதும் போகலாம். விழுந்த நாளில் ஓடிச்சென்று ஒதுங்க ஓர் இல்லம் இருந்தது என்னும் நினைவு அவளிடம் இருத்தல் வேண்டும். வளைத்த கை முறிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.