படித்த பிள்ளைகளின் மனு

எங்கள் பக்கத்தில் டிஸ்கோவுக்கு ரெக்கார்டு டான்ஸ் என்று பெயர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டிஸ்கோதேக் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம் என்று பொருள். பிறகு, வாத்தியக்காரர்கள் இல்லாமல் தட்டைச் சுழலவிட்டு ஆடும் இடங்களுக்கு அந்தப் பெயர் வந்தது. அதன் சுருக்கம்தான் டிஸ்கோ. விக்கிரமங்கலத்தில் திருவிழாவுக்கு மேடை போட்டு, ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டை ஓடவிட்டு ஆடியதை எங்கள் தாத்தா தலைமுறை ரெக்கார்டு டான்ஸ் என்றது. இரண்டு பெயரும் தட்டிலிருந்து வந்தவை. பிற்பாடு இது ‘ஆடலும் பாடலும்’ என்று கௌரவமான பெயர் வாங்கிக்கொண்டது. கேசட் போய், சிடி போய், பென் டிரைவ் வந்த பிறகும் பெரியவர்கள் வாயில் ரெக்கார்டு டான்ஸ்தான்.

டிஸ்கோ நமக்கு அவ்வளவு தூரத்துச் சரக்கும் இல்லை. பெங்களூரில் பிறந்து இங்கிலாந்துக்குப் போன பிட்டு அப்பையா தயாரித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ 1974இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. 1982இல் இந்தியில் ‘டிஸ்கோ டான்ஸர்’ வந்தது. 1985இல் நாகேஷின் மகன் ஆனந்த் பாபு ஆட, அது ‘பாடும் வானம்பாடி’யாகத் தமிழுக்கு வந்தது. அதற்குள் ‘சகலகலா வல்லவன்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘இளமை இதோ இதோ’ ஊரூராகப் போயிருந்தது. எங்கள் திருவிழா மேடையிலும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆறு வயதில் மேடைக்கு முன்னால் மண்ணில் ஆடியவன், பத்தொன்பது வயதில் அந்த மேடையே கூடாதென்று மனு எழுதினேன்.

பொறியியல் இரண்டாம் ஆண்டு. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டோம். பதினோரு பேரும் ஆண்கள். தமிழ் நன்றாக வரும் என்பதால் எழுதியது நான். ‘ஆபாசம்’, ‘பண்பாட்டுச் சீரழிவு’, ‘இளைஞர்கள் கெட்டுப்போகும் அபாயம்’ எல்லாம் இருந்தன. கெட்டுப்போகப்போவதாகச் சொல்லப்பட்ட இளைஞர்கள் நாங்களேதான்! உண்மைக் காரணம் வேறு. அந்த வருஷம் கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் என் ஊர் இப்படி ஆடுவது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று எழுத முடியாது. அதனால் பண்பாடு என்று எழுதினேன்.

அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் தகவல் ஆடவேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் ஒரே வேனில் வருபவர்களும் அல்ல. ஆளுக்கொரு ஊரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒரு அக்கா பெரிய பையோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் பாதி பவுடர்.

“அரியலூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குப்பா? யாரோ படிச்ச புள்ளைங்க எழுதிக் குடுத்து நிறுத்திட்டாங்களாம். அட்வான்ஸையும் திருப்பிக் கேக்குறாங்க.”

நேரம் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

வேலைக்கு வந்து சில வருஷங்கள் கழித்து, இரவு ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க ஹெட்போனில் டிஸ்கோ கேட்கத் தொடங்கினேன். டோனா சம்மர், குளோரியா கெய்னர், ஷீக். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 120 அடி, ஒவ்வொன்றிலும் தவறாமல் பெரிய டிரம்மின் குத்து. கோட் எழுத இதைவிட நல்ல துணை கிடையாது. ஷீக்கின் ‘லே ஃப்ரீக்’ பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1977இன் கடைசி நாள் இரவில் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் ஸ்டுடியோ 54 விடுதிக்குப் போகிறார்கள். உள்ளே விடவில்லை. வீட்டுக்குத் திரும்பி, வாசலில் நின்றவனைத் திட்டி ஒரு பாட்டுக் கட்டுகிறார்கள். அந்தத் திட்டை மாற்றி வெளியிட்டபோது அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

இப்படிக் கதைகளைத் தேடிப் போனபோதுதான் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தேன். 1979 ஜூலை 12, கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் டிக்கெட் 98 சென்ட். ஸ்டீவ் டால் என்ற ரேடியோக்காரரின் ஏற்பாடு. சேர்ந்த தட்டுகளைப் பெரிய பெட்டியில் போட்டு, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் இறங்கியதால் இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை. அன்று அங்கே வேலைபார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கருப்பினச் சிறுவன், மக்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத, கருப்பினப் பாடகர்களின் தட்டுகளும் கிடந்ததைக் கவனித்தான். பின்னாளில் அந்த நகரத்தின் ஹவுஸ் இசையைத் தொடங்கிவைத்தவர்களில் அவனும் ஒருவன்.

அது வெறும் விளையாட்டு, யார்மீதும் வெறுப்பில்லை என்று டால் சொல்லிவந்திருக்கிறார். நம்பலாம். என் மனுவிலும் யார்மீதும் வெறுப்பில்லை. ஆனால் நோக்கத்தைக் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள்தான். பெட்டிக்குள் என்ன விழுந்தது என்றல்லவா பார்க்கவேண்டும்? டிஸ்கோ வளர்ந்தது நியூயார்க்கின் கருப்பின, லத்தீன், தன்பால் ஈர்ப்புள்ள மக்களிடையே. வேறெங்கும் சேர்ந்து ஆட இடமில்லாதவர்கள் அவர்கள். ‘பாட்டுப் பிடிக்கவில்லை’ என்ற சாதாரண வாக்கியம் அங்கே போய் விழுந்தது. என் வாக்கியம் ஒரு பஸ் நிறுத்தத்தில் விழுந்தது.

இதைச் சொன்னால் நண்பர்கள் கேட்பார்கள்: “அப்ப எல்லாம் சரின்னு சொல்றியா?” இல்லை. நியூயார்க்கின் அந்த அறைகளில் ஆடியவர்களும் பார்த்தவர்களும் ஒரே ஆட்கள். எங்கள் ஊரில் மேலே பெண், கீழே ஆண்கள். மேடையேறி, ரூபாய் நோட்டை அவள் ஜாக்கெட்டில் ஊக்கால் குத்தும் கை எனக்குத் தெரிந்த கைதான். சில சமயம் சொந்தக்காரர் கை. அது அசிங்கம். அதை நான் பார்த்தே இருந்தேன். ஆனால் இரண்டு பக்க மனுவில் அந்தக் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண்ணை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்டோம், கையை எடுங்கள் என்று கேட்கவில்லை. கையைச் சொன்னால் ஊரில் முகம் பார்க்க முடியாது. அவளைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கு நஷ்டம் இருந்தது. நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

என் ஆபீஸ் ஆண்டுவிழாவில் அதே பாட்டுகளுக்கு எங்கள் டீம் பெண்கள் ஆடுகிறார்கள். மேனேஜரும் ஆடுகிறார். கோப்பை தருகிறார்கள். அங்கே பண்பாடு ஒருமுறைகூடச் சீரழிந்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் ஊரிலிருந்து ஃபோன். அன்று என்னோடு கையெழுத்துப் போட்டவன் இன்று திருவிழாக் கமிட்டியில் இருக்கிறான். ஆடலும் பாடலும் வைக்கிறார்கள், நன்கொடை கேட்டான். தருகிறேன், மேடையில் ஒருத்தனும் ஏறி நோட்டுக் குத்தக்கூடாது என்றேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தான்.

“அதை நான் சொன்னா கேக்க மாட்டானுவ மச்சான். படியில நீ வந்து நில்லு.”

ரெண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன்.