கூலி பெறும் தொண்டும் நிய்யத்தும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலிருந்து கொழும்புக்குச் சென்று தொண்டு நிறுவனமொன்றில் முதன்முதலாக வேலைக்குச் சேரும் இளையோர் எதிர்கொள்ளும் மார்க்கக் கேள்வி ஒன்று உண்டு. ஏழைகளுக்கென்று பிறர் கொடுத்த பணத்திலிருந்து மாதச் சம்பளம் பெற்றுச் செய்யும் பணி இபாதத்தாக, அதாவது இறைவணக்கமாக, அமையுமா, அல்லது அது ஏனைய உத்தியோகங்களைப் போன்ற ஒரு பிழைப்புத்தானா என்பதே அக்கேள்வி. ஊரார் இதனைப் பல வேளைகளில் குற்றச்சாட்டாகவே எழுப்புவதற்குக் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த சுனாமி இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, அம்பாறை மாவட்டத்திலேயே பலிகொண்டது. அதன்பின் வந்து குவிந்த அரச சார்பற்ற நிறுவனங்களின் வாகனங்களையும் அலுவலகங்களையும் தற்காலிகக் கொட்டில்களிலிருந்தபடியே பார்த்த ஒரு தலைமுறைக்குத் தொண்டின் பெயரால் வரும் சம்பளத்தின்மீது ஐயம் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் கூலி ஆகுமானதா என்பதற்குக் குர்ஆனிலேயே விடை இருக்கிறது. கடமையான தர்மமாகிய ஸகாத் யார் யாருக்கு உரியது என்பதை வரையறுக்கும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகுப்பினரைக் கூறுகிறது. வறியோருக்கும் தேவையுடையோருக்கும் அடுத்து, கடனாளிக்கும் வழிப்போக்கருக்கும் முன்பாக, மூன்றாமிடத்தில் ஆமில்களை, அதாவது ஸகாத்தைத் திரட்டவும் பங்கிடவும் அமர்த்தப்பட்டவர்களை, அது வைக்கிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின், அதாவது சட்டப் பள்ளியின், படி ஆமில் செல்வந்தராக இருந்தாலும் தம் பங்கைப் பெறலாம். ஏனெனில் அவர் பெறுவது வறுமைக்கான உதவியன்று, உழைப்புக்கான ஊதியம். அதே வேளையில், அத்தகைய வேலைக்கு வழக்கிலுள்ள கூலிக்கு மேல் மிஞ்சுவது ஏனைய வகுப்பினரைச் சேர வேண்டும் என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. ஆமில் என்பவர் ஆட்சித் தலைவரால் நியமிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பழைய சட்ட நூல்கள் கொள்வதால், தனியார் நிறுவனமொன்றின் பணியாளர் அப்பெயருக்கு உரியவரா என்பது கருத்து வேறுபாட்டுக்குரியது. எனவே அவருடைய சம்பளத்தை ஸகாத் நிதியிலன்றி, நிர்வாகச் செலவுக்கென்றே வெளிப்படையாகக் கேட்டுப் பெற்ற நன்கொடையிலிருந்து வழங்குவதே பேணுதலான வழியாகும்.

கூலியை மறுப்பதுதான் தூய்மை என்ற எண்ணத்தை நபிகளாரே திருத்தியதாக நபிமொழித் தொகுப்பாளர்களான புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். இப்னு ஸஅதீ என்பவர் ஸகாத் பணியை அல்லாஹ்வுக்காகவே செய்ததாகக் கூறிக் கூலியை மறுத்தபோது, தாமும் ஒருகாலத்தில் அவ்வாறே மறுத்ததாகவும், கேளாமல் தரப்படுவதைப் பெற்றுத் தாமும் பயன்படுத்தித் தர்மமும் செய்யுமாறு நபிகளார் தமக்குப் பணித்ததாகவும் கலீபா உமர் எடுத்துரைத்தார். இத்தீர்ப்பின் நியாயம் ஆழமானது. தொண்டு சம்பளமின்றியே நடக்க வேண்டுமென்றால், கல்முனை பஸாரில் வாப்பாவின் கடை வருமானம் உள்ளவர் மட்டுமே அதில் ஈடுபட முடியும்; போடிங் வாடகை கட்டி, ஊரில் இருக்கும் உம்மாவுக்கும் பணம் அனுப்ப வேண்டிய மருதமுனை நெசவாளியின் மகள் விலகி நிற்க நேரும். வறுமையை நன்கறிந்தவர்களை வறியோருக்கான பணியிலிருந்து விலக்கும் ஏற்பாட்டைத் தக்வா, அதாவது இறையச்சம், என்று அழைப்பது தவறு.

கூலி ஆகுமானது என்று தெளிந்த பின்னரும் நிய்யத், அதாவது செயலுக்குப் பின்னுள்ள உள்ளத்தின் நாட்டம், பற்றிய கேள்வி எஞ்சுகிறது. செயல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்னும் பெயர்பெற்ற நபிமொழி, அதற்கு எடுத்துக்காட்டாக ஊர் பெயர்தலையே காட்டுகிறது: மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சென்ற ஒரே ஹிஜ்ரத் பயணம், சென்றவரின் நோக்கத்துக்கேற்ப இறைவனுக்கான பயணமாகவோ உலக ஆதாயத்துக்கான பயணமாகவோ ஆகிறது. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு செல்பவரின் நெஞ்சில் நோக்கங்கள் பெரும்பாலும் கலந்தே இருக்கும். இஹ்யா உலூமித்தீன் என்னும் தம் நூலில் இமாம் கஸ்ஸாலி இக்கலப்பை நிறுத்துப் பார்க்கிறார். இறைநாட்டம் மிகுந்திருக்குமாயின், மிகுந்த அளவுக்கு நன்மை உண்டு என்பது அவர் முடிவு. அவருடைய வாழ்க்கையே இதற்கு விளக்கமாகிறது. பாக்தாதின் நிழாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக இருந்த அவர், தம் போதனையைப் புகழாசை செலுத்துவதைக் கண்டு 1095இல் அந்நகரை விட்டு வெளியேறினார். 1106இல் நிஷாபூரின் நிழாமிய்யாவில் மீண்டும் போதிக்க அமர்ந்தார். அவரை அஞ்சவைத்தது புகழேயன்றிச் சம்பளமன்று.

கொழும்பில் சேரும் புதிய பணியாளரும் அதிகம் அஞ்சவேண்டியது இத்தகைய புகழையே. வீட்டுத்திட்டத்துக்கோ வாழ்வாதார உதவிக்கோ பயனாளிகளைத் தெரிவு செய்யக் கள உத்தியோகத்தராகத் தம் கரையோரத்துக்கே அவர் திரும்பி வரும்போது, பட்டியலில் பெயர் எழுதும் அதிகாரம் அவர் கையில் இருக்கும். சொந்தக்காரர் விருந்துக்கு அழைப்பர், அறியாதவரும் அன்பளிப்புடன் வருவர். ஸகாத் திரட்டச் சென்ற இப்னுல் லுத்பிய்யா, திரட்டியதில் ஒரு பகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகளார் மிம்பர் மேடையில் நின்று கேட்டார்கள். குறித்த சம்பளத்தைக் கையொப்பமிட்டுப் பெறுபவரைப் பற்றி அக்கேள்வி எழவில்லை. பதவியின் நிழலில் தானாக வந்து சேரும் மரியாதையையும் பொருளையும் தமக்கே உரியவை என்று கருதுபவரைப் பற்றியே அது எழுந்தது.