பூத்தொண்டும் பூங்கலையும்

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் திருக்கோயிலுக்குப் பூத்தொடுத்து உதவும் இளைஞர் ஒருவர் அண்மையில் அடியேனிடம், "ஐயா, ஜப்பானியர் ஒரு கிளையும் இரண்டு பூவும் ஜாடியில் நிறுத்தி, அதனை மலர்நெறி என்று போற்றுகின்றனராம். நாமோ கூடை கூடையாகக் கட்டிச் சாத்துகின்றோம். இவற்றுள் எது மேல்?" என வினாவினார். புதுவை ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்து அன்னையார் 1916 முதல் 1920 வரை அந்நாட்டில் வாழ்ந்தவராதலின், இப்பேச்சு எம் பக்கத்தில் எழுவது வியப்பன்று.

அக்கலை பிறந்ததும் ஆலயத்திலேயாம். கியோத்தோ நகரில் ரொக்ககுதோ என வழங்கும் புத்தாலயத்துக் குருமார் குளத்தருகே உறைந்து, திருமுன் மலரிட்டு வந்தனர். குளத்தருகுக் குடில் எனப் பொருள்படும் இகெனோபோ என்பதே அம்மரபின் பெயராயிற்று. 1462-ஆம் ஆண்டில் அம்மரபினராகிய சென்கெய் என்பார் பொற்கலத்தில் மலர் அமைத்தனரென்றும், அதனைக் காண நகரத்தார் திரண்டனரென்றும் அக்காலத் துறவி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். எனவே, திருமுன் இருந்த மலர் மாந்தர்முன் வந்து நின்றது. ஏற்பவன் இறைவனாயின் அது பூசை. காண்பார் மாந்தராயின் அதனை யாதென்பது?

வெறுங்காட்சி என விரைந்து கூறின் பிழைபடும். 16-ஆம் நூற்றாண்டில் அம்மரபில் வந்த சென்னோ என்பார், அழகிய பூவேயன்றி உலர்ந்த கொம்பும் தனக்குரிய இடம்பெறும் எனக் கொண்டனர். நம் விதியோ புழுக்கடித்தது, மோந்தது, தானே உதிர்ந்தது ஆகியவற்றை விலக்கும். இரண்டும் தம்முள் மாறுகொள்வன அல்ல. இடுவோன் தன்பாலுள்ள நல்லதையே இடுக என்பது நம் விதியின் கருத்து. உலர்ந்த கொம்பை இறைவன் வெறுப்பான் என்பதன்று.

கைத்திறம் நம் பாலும் குறைந்ததில்லை. திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப் பூவும் வைகறையிற் கொய்து, கோவை, இண்டை, கண்ணி, பிணையல் எனப் பலவாறு தொடுத்தவர். தொடுத்த வாய் ஐந்தெழுத்தை விட்டதில்லை.

அடியேன் மடத்திற் பயின்ற நாளில் ஓர் இண்டை கட்டினேன். கண்டோர் பலரும் புகழ்ந்தனர். அது சாத்தப்பெற்றபின் சந்நிதியில் நெடும்போது நின்றேன். ஆசிரியர் அருகே வந்து, "சுவாமியைக் கும்பிட்டாயா?" என்றார். விடை எழவில்லை, அதுகாறும் இண்டையையே நோக்கி நின்றேன். மறுநாள் விடியலில் அது நிர்மாலியமாய்க் கழிந்தது. பூவை ஏற்பவர் இறைவனோ மாந்தரோ என ஆராய்கின்றோம். கட்டியவனது 'யான்' என்னும் மூன்றாமவன் இடையே கைந்நீட்டி வாங்கிக்கொள்வதை மறந்துவிடுகின்றோம். அவன் வாங்கிய பூ கருவறையில் இருப்பினும் பூசையாகாது. அவனுக்குக் கொடாது ஜாடியில் வைத்த உலர்கொம்பு பூசைக்கு அணித்தாம் என்பதே அடியேன் துணிபு. புறச்சமயத்தார் கலையை இத்துணை புகழலாமோ எனச் சிலர் முனியலாம், முனிக.

இளைஞர்க்கு இவ்வளவும் விரித்துரைக்கவில்லை. அவர் மடிமீது பாதி தொடுத்த மாலை கிடந்தது. இலிங்கத் திருமேனியிற் படும் பக்கம், எவர் கண்ணுக்கும் புலனாகாத பின்பக்கம், எவ்வாறுளது என்று மட்டும் கேட்டேன். அவர் மாலையைத் திருப்பினார். சிறிது பார்த்திருந்து, நாரின் இரண்டு கட்டுக்களை அவிழ்த்து மீளக் கட்டலானார்.