கேபிள் மாறினால் வண்டி மாறுமா?

உறுப்பு மாறிய பின்னும் பொருள் அதே பொருள்தானா? மிலிந்த மன்னனுக்குத் தேரைச் சக்கரம், அச்சு, நுகம் எனப் பிரித்துக் காட்டிய பௌத்தத் துறவி நாகசேனர், தேர் என்பது அவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே என்றார். நியாயத் தத்துவ மரபோ, உறுப்புகளிலிருந்து வேறான முழுமை ஒன்று உண்டு என்றது. இவ்விரண்டையும் ஒரு மோட்டார் சைக்கிளில் வைத்துப் பார்ப்போம். சென்னையில் உருவான பழைய புல்லட் ஒன்றில், உதைத்துக் கிளப்பும்போது சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் வால்வையும் கைப்பிடி லீவரையும் இணைக்கும் டீகம்ப்ரஸர் கேபிள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். லீவரும் வால்வும் இருந்தும் இரண்டுக்கும் பேச்சில்லை; பிஸ்டனை மேல்முனை தாண்டி நகர்த்தக் கால் திணறும். புதுக் கேபிளை மாட்டி, வால்வு முழுதாக மூடும்படி சற்றுத் தளர்வும் விட்டால், கையின் அழுத்தம் இன்ஜினுக்குள் போய்ச் சேர்கிறது. ஆகவே முழுமை உறுப்புகளின் கூட்டத்தில் இல்லை, அவற்றுக்கிடையிலான உறவில் இருக்கிறது என்றே சொல்வேன்.

புதுக் கேபிள் பழைமையைப் பொய்யாக்காதா என்று கேட்கலாம். பழையதென்று சொல்லி விற்றால்தான் அது பொய். உறவே போதுமென்றால் அச்சு அசலான நகலும் அதே வண்டியாகிவிடுமே என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆகாது. நகலின் உறவுகள் இன்று பிறந்தவை. பழுதுபார்த்த வண்டியிலோ இடையறாத தொடர்ச்சிக்குள் ஓர் இழை மட்டுமே புதிது. மாறாத அணு ஒன்றைத் தேடுவதைவிட, அறுந்த தொடர்பைப் பொறுப்போடு இணைப்பதே ஒன்றை அதுவாகக் காப்பாற்றுகிறது. மனிதருக்கும் இது பொருந்தும்.